நொய்யலை நம்பிய மூன்று திட்டங்கள்

2011 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் வெள்ளி மதியமே கணக்கு வேலை சூடு பிடித்துவிடும். நான் அப்போது ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பவர்டேபிள் டெய்லர்களின் பீஸ் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. சாயப்பட்டறை, பிளீச்சிங் பட்டறை எல்லாவற்றையும் மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்டிருக்கிறது, மின் இணைப்பையும் துண்டிக்கச் சொல்லியிருக்கிறது என்றார்கள். எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். சொட்டுக் கழிவுகூட வெளியே போகாது என்று நிரூபிக்கும்வரை திறக்கக்கூடாது.

எங்கள் குடோனில் அன்று சாயத்துக்குப் போகவேண்டிய கோரா துணி, அதாவது இன்னும் சாயமேற்றாத துணி, உருளை உருளையாக அடுக்கியிருந்தது. டெலிவரி சலான்கூட எழுதி வைத்திருந்தேன். அந்தச் சலானைக் கிழிப்பதா வைத்திருப்பதா என்று முதலாளியிடம் கேட்டேன். "வெச்சிரு தம்பி, ரெண்டு வாரத்துல சரியாயிரும்" என்றார். அவர் மட்டுமல்ல, ஊரே அப்படித்தான் நம்பியது.

இந்தக் கதையைத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து சொல்வதுதான் வழக்கம். நீதிமன்றம் ஒரு தொழிலை நிறுத்தியது, பல லட்சம் பேரின் பிழைப்பு ஆடிப்போனது என்று. அதில் பொய் இல்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பல ஆண்டுகள் முன்பே, மூன்று வெவ்வேறு மேசைகளில், ஒரே தண்ணீரை நம்பி மூன்று திட்டங்கள் போடப்பட்டிருந்தன. ஒரு மேசையில் இருந்தவர்கள் அடுத்த மேசையின் காகிதத்தைப் படிக்கவில்லை. என் வாதம் இதுதான். அதனால் அணையிலிருந்து தொடங்குகிறேன்.

அணை

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு. மழை பெய்தால் வெள்ளம், மழை நின்றால் மணல். அந்த மழைவெள்ளத்தைப் பிடித்து வைக்கத்தான் சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். 1980களில் தொடங்கிய வேலை, 1992ல் திறப்பு. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் என்று கணக்கு. அதில் பெரும்பகுதி இன்றைய கரூர் மாவட்டத்து நிலம். வானம் பார்த்த பூமியில் மதகு திறந்து தண்ணீர் வருவதென்றால் ஒரு தலைமுறையின் கனவு நிறைவேறுவது போல.

அணைக்குத் திட்டம் போட்ட காலத்தில் மேலே திருப்பூரில் சாயப்பட்டறைகள் நூறுக்கும் குறைவு. ஊர் அப்போது பெரும்பாலும் வெள்ளை பனியன் தைத்து உள்ளூருக்கு விற்றுக்கொண்டிருந்தது. அணை திறந்த சமயத்தில் பட்டறைகள் பல நூறு. 1990களின் பிற்பகுதியில் எண்ணூறைத் தாண்டிவிட்டது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் கலர் டீஷர்ட் கேட்டன. சில கோடிகளில் இருந்த ஏற்றுமதி பத்தாயிரம் கோடியைத் தாண்டியது அந்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குள்தான்.

அணையின் வரைபடத்தில் ஆற்றில் வருவது மழைநீர். உண்மையில் வருடத்தின் பெரும்பகுதி வந்தது சாயத்தண்ணீரும் ஊர்ச் சாக்கடையும்தான். அணை இல்லாத ஆறாக இருந்தால், மழைக்காலத்து வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கும், கழிவும் கரைந்து கலைந்திருக்கும். அதுவும் நல்லதல்ல, ஆனால் ஒரே இடத்தில் தங்கியிருக்காது. அணை கட்டியதால் அத்தனையும் ஓரிடத்தில் தேங்கி, சுற்றுவட்டக் கிணறுகளுக்குள் இறங்கியது. பாசனத்துக்குக் கட்டியது கழிவுத் தொட்டியாகிவிட்டது. திறந்து ஐந்தாறு வருடத்துக்குள் "எங்களுக்கு இந்தத் தண்ணி வேண்டாம், மதகைத் திறக்காதீங்க" என்று ஆயக்கட்டு விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. ஓர் அணைக்கு இதைவிடப் பெரிய தோல்வி எனக்குத் தெரிந்து இல்லை.

உப்பு

திருப்பூர் பிரச்சினையைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். சிவப்பாக ஓடியது, கருப்பாக ஓடியது என்று. உண்மையில் விஷயம் உப்பு.

பட்டறை வாசலில் ஏறிப் போனால் முதலில் கண்ணில் படுவது சாயம் அல்ல, உப்பு மூட்டைதான். ஆள் உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். பருத்தியும் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தள்ளும் தன்மை உடையவை. உப்பைப் போட்டால்தான் அந்தத் தள்ளல் அடங்கி, சாயம் துணியின் மேல் போய் உட்காரும். அப்புறம் சலவை சோடா போட்டு அதைப் பிடிக்க வைப்பார்கள். வெளிர் நிறத்துக்கு உப்பு குறைவு. நேவி, கருப்பு மாதிரி அடர் நிறம் என்றால், பழைய விஞ்ச் மெஷினில் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ வரைகூட உப்பு போகும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாயத்தில் பெரும்பங்கு துணியோடு போய்விடும். உப்பு ஒரு பிடிகூடத் துணியில் தங்காது. மூட்டையில் வந்தது அத்தனையும் சாக்கடை வழியே வெளியேறும்.

ஒரு நடுத்தரப் பட்டறை நாளைக்கு ஆயிரம் கிலோ துணி ஏற்றுகிறது, கிலோவுக்கு அரைக் கிலோ உப்பு என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது கிலோ மூட்டையில் பத்து மூட்டை. அந்தப் பத்தும் அன்று ராத்திரிக்குள் ஆற்றில். இதை எழுநூறால் பெருக்கிப் பாருங்கள். வருடத்துக்கு, பத்து வருடத்துக்கு என்று பெருக்கிக்கொண்டே போங்கள்.

1990களின் இறுதியில் நீதிமன்றத்தின் நெருக்கடியால் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவை செய்தது என்ன? சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தை வண்டலாகப் படிய வைத்தன. வெளியே போன தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தது. ஆனால் இந்த முறை உப்பைத் தொடவே இல்லை. சேர்த்த ரசாயனத்தால் கரைந்த உப்புகளின் அளவு, அதாவது எல்லோரும் சொல்கிற டிடிஎஸ், இன்னும் கொஞ்சம் கூடியது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம்தான் வரம்பு. ஆற்றுக்குப் போனதில் அதைப்போல இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் இருந்தது.

இந்த இடத்தை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த நிலையங்களைக் கட்டப் பட்டறைக்காரர்கள் உண்மையிலேயே பணம் போட்டார்கள். "நாங்க செஞ்சுட்டோம்" என்று அவர்கள் சொன்னபோது பொய் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்த குற்றத்தைச் சரிசெய்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாததை விட்டுவிட்டார்கள். அதிகாரிகளும் அதை ஏற்றுக்கொண்டார்கள். நிறம் போனதும் அவசரமும் போய்விட்டது. பத்து வருடம் அங்கேதான் வீணானது.

2008ல் ஒரு கல்யாணத்துக்காக அந்த அணைப் பக்கம் போயிருந்தேன். உறவுக்காரப் பெரியவர் ஒருவர் தன் தோட்டத்துக் கிணற்றைக் காட்டினார். மேலிருந்து பார்த்தால் படிக்கட்டு தெளிவாகத் தெரிந்தது. "பாக்கறதுக்குக் கண்ணாடியாட்ட இருக்குதுங்க தம்பி. ஒரு வாய் வெச்சுப் பாருங்க" என்றார். வைத்துப் பார்த்தேன். விழுங்க முடியவில்லை. பாத்தி ஓரத்து மண்ணில் வெள்ளையாகப் பொரி பூத்த மாதிரி உப்பு படர்ந்திருந்தது. "மாடு மூக்க வெச்சுட்டுத் திரும்பிருச்சுன்னா அன்னைக்கே வித்துப் போடோணும்னு எங்கப்பன் சொல்லுவாரு. நாந்தான் கேக்கல" என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டார். அவர் சொன்னது மாட்டைப் பற்றியா நிலத்தைப் பற்றியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

உத்தரவுகள்

விதி இல்லாமல் போகவில்லை. ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் புதிய தொழில்கள் வரக்கூடாது என்ற அரசாணை 1989லேயே போடப்பட்டுவிட்டது. நொய்யலும் அந்தப் பட்டியலில் உண்டு. அதாவது அணை திறப்பதற்கு முன்பே. பட்டறைகளின் எண்ணிக்கை பாய்ச்சலில் கூடியதும் அதே காலத்தில்தான்.

விவசாயிகள் 1990களிலேயே நீதிமன்றம் போனார்கள். 2004 டிசம்பரில் சூழல் இழப்பீட்டு ஆணையம் 68 கிராமங்களில் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24 கோடியே 80 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டது. ஒருவருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தேன். சராசரி ஒன்பதாயிரம்கூட வரவில்லை. நிலத்தின் விலை அல்ல இது, சில பருவங்களின் விளைச்சல் இழப்பு. என்றாலும் அந்தத் தொகையைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது.

2006 டிசம்பர் 22ல் ஹைகோர்ட் தெளிவாகச் சொன்னது. 2007 ஜூலை இறுதிக்குள் கழிவு வெளியேற்றமே இருக்கக்கூடாது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசில் தொடங்கி 10 காசு வரை அபராதம். அணையைச் சுத்தப்படுத்தும் செலவும் பட்டறைகளின் தலையில். பட்டறை உரிமையாளர்கள் சுப்ரீம் கோர்ட் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கேயும் உத்தரவு உறுதியானது, மூன்று மாத அவகாசத்தோடு. அந்த மூன்று மாதமும் போய், அதற்கு மேல் ஒரு வருடமும் போன பிறகுதான் நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

2006 உத்தரவுக்கும் மூடலுக்கும் நடுவே நான்கு வருடம். அந்த நான்கு வருடத்தில் எங்கள் கம்பெனி ஒருமுறைகூட "சாயம் நின்றுபோனால் என்ன செய்வது" என்று பேசியதில்லை. எல்லாக் கெடுவும் நீளும் என்ற அனுபவம் ஊறிப்போயிருந்தது. கடைசி நிமிடத்தில் யாராவது டெல்லிக்கோ சென்னைக்கோ போய்ப் பேசிவிட்டு வருவார்கள். ஒவ்வொரு முறையும் அது பலித்தது, பலித்ததாலேயே பழகிப்போனது.

பட்டறைக்காரர்கள் ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்குப் பேராசை என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பெரும்பாலான சாயப்பட்டறை ஜாப் ஒர்க், அதாவது அடுத்தவர் துணிக்குக் கூலிக்குச் சாயமேற்றும் வேலை, செய்கிற இடம். கிலோவுக்கு இவ்வளவு என்று ரேட்டை ஏற்றுமதியாளர் வைப்பார். அவருக்கு வெளிநாட்டு பையர் வைப்பார். எந்த நாடு எவ்வளவு துணி ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு வைத்த கோட்டா முறை 2005ல் உலக அளவில் முடிந்ததும் ஆர்டர் கூடியது, போட்டியும் கூடியது. ஒரு பட்டறை தண்ணீரை முழுசாகச் சுத்தம் செய்து கிலோவுக்கு ரேட்டைக் கூட்டினால், துணி பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். பக்கத்துப் பட்டறை ராத்திரியில் குழாயைத் திறந்துவிடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒழுங்காக நடப்பவருக்கு அதுதான் முதல் நஷ்டம். எல்லோரையும் ஒரே நாளில் நிறுத்தும் உத்தரவு ஒன்றுதான் இந்த முடிச்சை அவிழ்த்தது. அதை நான் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த உத்தரவின் அடியை நேரில் பார்த்தவன்.

அப்புறம் தொழில்நுட்பம். 2006க்குப் பிறகு வங்கிக் கடன் வாங்கி, உப்பை வடிகட்டும் ஆர்ஓ சவ்வுகளும் ஆவியாக்கிகளும் வைத்து ஏறத்தாழ இருபது பொது நிலையங்கள் கட்டப்பட்டன. ஆர்ஓ நல்ல தண்ணீரைப் பிரித்துக் கொடுத்தது. மிச்சம் நின்ற கெட்டி உப்புநீரை என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் நின்றது. ஆவியாக்கியில் அடைப்பு, எரிபொருள் செலவு, கிடைத்த கலப்பட உப்பை யாரும் வாங்கவில்லை. கடன் இருந்தது, கட்டடம் இருந்தது, கழிவும் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது மேசை

இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. திருப்பூரின் நிலத்தடி நீர் உப்பாகிவிட்டதால், பட்டறைகள் அவிநாசி, பல்லடம் பக்கத்துக் கிராமக் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்கின. விவசாயத்தைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்று கிணற்றை லாரிக்கு விட்டவர்கள் நிறைய. சரி, இந்தத் தாகத்தைத் தீர்க்க ஒரு பெரிய திட்டம் வந்தது. பவானி அருகே காவிரியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போட்டு, ஒரு நாளைக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவருவது. செலவு ஆயிரம் கோடிக்கு மேல். அரசும் தனியாரும் சேர்ந்து உருவாக்கிய புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம் அதைச் செய்தது. இந்தியாவில் இந்த வகைக் குடிநீர்த் திட்டங்களுக்கு முன்னோடி என்று பேசப்பட்டது. 2005 வாக்கில் தண்ணீர் வரத் தொடங்கியது.

அதன் வருமானக் கணக்கைப் பாருங்கள். தொழிற்சாலைக்கு ஆயிரம் லிட்டர் அப்போது 45 ரூபாய். வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் வைத்த விலை அதில் சின்னப் பங்குதான். சாயப்பட்டறை கொடுக்கும் காசில் ஏழை வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவேண்டும், அதே காசில் வங்கிக் கடனும் அடையவேண்டும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் ஆற்றைக் கெடுக்கும் தொழில் அதே அளவில் பல வருடம் ஓடும் என்ற நம்பிக்கையின் மேல் அது நின்றது. அந்தத் தொழிலுக்கு எதிராக வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அந்தக் கடன் கைமாறியது.

பட்டறைகள் மூடியதும் தண்ணீர் விற்பனை சரிந்தது. கழகத்தால் கடன் தவணை கட்ட முடியவில்லை. பட்டறைகள் திரும்பத் திறந்த பிறகும் முழுசாக மீளவில்லை, ஏனென்றால் கழிவே வெளியேறாத முறையில் நீரில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் திரும்ப பட்டறைக்கே வந்துவிடும். ஆற்றுக்கு நல்லது நடக்க நடக்க, குழாய்த் திட்டத்துக்குக் கெட்டது நடந்தது.

ஆறு கழிவை ஏந்தும் என்று பட்டறைகள் கணக்குப் போட்டன. மேல் ஆறு மழைநீரைத் தரும் என்று அணை கணக்குப் போட்டது. பட்டறை எப்போதும் குடிக்கும் என்று குழாய் கணக்குப் போட்டது. தனித்தனியாக எடுத்துப் படித்தால் மூன்றிலும் ஒரு தவறும் தெரியாது.

மூடிய பிறகு

இரண்டு வாரம் இரண்டு மாதமானது. நூல் விலை வேறு அந்தச் சமயத்தில் உச்சத்தில் இருந்தது. கோரா துணியை லூதியானாவுக்கும் அகமதாபாத்துக்கும் லாரியில் அனுப்பிச் சாயமேற்றிக் கொண்டுவந்தார்கள். எங்கள் துணி ஒரு லோடு போனது. திரும்பி வந்தபோது ஷேடு ஒத்துவரவில்லை, பாதி உருளை கைப்பகுதிக்கு ஒரு நிறம், உடம்புக்கு ஒரு நிறம். கப்பல் தேதி போய்விட்டது. ஆர்டர் ரத்து.

இன்னொரு பக்கம், நாமக்கல், சேலம், ஈரோடு பகுதிகளில் ஓடையோரத்தில் கொட்டகை போட்டு ராத்திரியோடு ராத்திரியாகச் சாயமேற்றும் அனுமதியில்லாத பட்டறைகள் முளைத்தன. அதிகாரிகள் போய் இடித்தார்கள், வேறு இடத்தில் முளைத்தது. திருப்பூரின் உப்பு இன்னொரு ஊர்க் கிணற்றைத் தேடிப் போனது. ஓர் இடத்தை மட்டும் மூடினால் இப்படி ஆகும் என்று முன்கூட்டியே யோசிக்காதது அரசு நிர்வாகத்தின் பெரிய குறை.

வழி பிறந்தது திருப்பூரிலேயேதான். அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில், உப்புநீரைக் காய்ச்சி உப்பாக்கப் படாதபாடு படுவதற்குப் பதிலாக, அதன் நிறத்தை மட்டும் பிரித்துவிட்டு உப்புநீராகவே அடுத்த சாயத்துக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். சாயத்துக்குத்தான் எப்படியும் உப்பு வேண்டுமே. அது வேலை செய்தது. புதிய அரசு பொது நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. விஞ்ச் போய், குறைந்த தண்ணீரில் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின்கள் பெருகின. பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இன்று வெளிநாட்டு பையர்களிடம் திருப்பூர் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் விஷயமே இந்தச் சுத்திகரிப்புதான். அந்தப் பெருமைக்கு அவர்கள் தகுதியானவர்கள்.

இந்த வழியைப் பத்து வருடம் முன்பே தேடியிருக்க முடியாதா என்று கேட்டால், உப்பு என்பதே பிரச்சினை என்று ஒப்புக்கொண்டிருந்தால் தேடியிருக்கலாம் என்பதே என் பதில். அணைப் பக்கத்து விவசாயி நாக்கில் வைத்துப் பார்த்துச் சொன்னதை ஆய்வறிக்கையாக எடுத்துக்கொண்டிருந்தால் போதும்.

விவசாயிகளுக்காவது கிராமவாரியாக ஒரு பட்டியல் இருந்தது. பனியன் கம்பெனியில் வேலை போனவர்களுக்கு என் சம்பள நோட்டுதான் பட்டியல். மார்ச் மாதத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலைந்து பெயருக்கு எதிரே பென்சிலில் "ஊருக்கு" என்று எழுதுவேன். தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கம், சிலர் ஒடிசா. திரும்பி வந்தால் அழித்துக்கொள்ளலாம் என்றுதான் பென்சில். செக்கிங்கில் இருந்த ஓர் அக்கா கடைசிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, "பட்டறை தொறந்தா ஒரு போன் போடு கண்ணு" என்று நம்பரை நோட்டின் ஓரத்தில் எழுதச் சொன்னார். பிப்ரவரி 2012ல் எங்கள் துணி முதல் முறையாகத் திருப்பூரிலேயே சாயம் ஏறி வந்த அன்று அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.